கொலை மர்ம ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம்: முதல் கேம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம், அதாவது படத்தில் ஒளிந்திருக்கும் பொருட்களைத் தேடும் கேம், செய்பவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். ஒருவர் வரைவார், ஒருவர் கோட் எழுதுவார், கதை இருவருக்கும் பொது. அவர்களுடைய முதல் காட்சியைத் திறந்து பார்த்தால், இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் அப்படியே இருக்கின்றன. படம் மங்கல், இசை காதைக் கிழிக்கிறது, எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே பேசவில்லை. அவை யார் கண்ணிலும் படும், ஒரே நாளில் சரியாகிவிடும். ஆறு மாதம் கழித்துத் தெரியவந்து, அதுவரை செய்த வேலையைத் தின்றுவிடும் தவறுகள்தான் முக்கியம்.

பேசுவதற்கு ஒரு காட்சி வேண்டும். மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்பு ஆக்ஸைடு தரை, நடுவில் ஊஞ்சல். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் இறந்து கிடக்கிறார். திரையின் அடியில் பாக்குவெட்டி, மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து என்று 12 பெயர்கள். பொருள் குவிந்த படம், கூடவே தேட வேண்டிய பெயர்கள் என்ற இந்த அமைப்பு, 2005-ல் பிக் ஃபிஷ் கேம்ஸ் வெளியிட்ட ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை.

ஒரே படமாக வரைந்துவிட்டு, பிறகு பொருளை வெட்டி எடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. காரணம், இதில் வீணாவது நல்ல ஓவியரின் உழைப்பு.

நடப்பது இதுதான். ஓவியர் கூடம் முழுவதையும் ஒரே படமாக வரைந்து முடிக்கிறார். ஊஞ்சல், வெற்றிலைப்பெட்டி, பித்தளைச் சொம்பு, பாக்குவெட்டி எல்லாம் ஒரே லேயரில், அதாவது படத்தின் ஒரே அடுக்கில். படம் அழகாகவே இருக்கிறது. கோட் எழுதுபவர், “பாக்குவெட்டியை மட்டும் தனியா குடுங்க” என்கிறார். ஓவியர் லாஸோ கருவியால் சுற்றி வெட்டுகிறார். வெட்டிய இடத்தில் ஓட்டை. பக்கத்துத் தரையை க்ளோன் (நகல்) செய்து அதை அடைக்கிறார். சிவப்பு ஆக்ஸைடு தரையில் ஒளி இடத்துக்கு இடம் மாறும், அதனால் ஒட்டுப்போட்டது கண்ணுக்குத் தெரியும்.

இத்தோடு முடிவதில்லை. விளையாடுபவர் பாக்குவெட்டியைக் கிளிக் செய்கிறார். அது மறைகிறது, நிழல் மட்டும் தரையில் அப்படியே கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் சொம்பின் வயிற்றில் பாக்குவெட்டியின் பிரதிபலிப்பும் மின்னிக்கொண்டிருக்கிறது. வெட்டிய பொருளின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மென்மையான பிரஷ் ஓரத்தோடு தரையின் சிவப்பும் ஒரு நூல் அளவு சேர்ந்து வந்திருக்கும். அதே பாக்குவெட்டியை இன்னொரு காட்சியில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்தால் சுற்றிலும் சிவப்புக் கோடு தெரியும். ஊஞ்சல் சங்கிலி சாவிக்கொத்தின் குறுக்கே போகிறது என்றால் இன்னும் மோசம். சங்கிலிக்குப் பின்னால் இருக்கும் சாவியின் பாதி வரையப்படவே இல்லை. எடுத்த பொருள் சேரும் பையில் சாவி பெரிதாகத் தெரியும்போது நடுவில் இரண்டாக அறுந்து நிற்கும்.

நேரக்கணக்கைப் பாருங்கள். இவ்வகை கேமில் ஒரே காட்சிக்கு இரண்டு மூன்று முறை திரும்ப வருவோம், ஒவ்வொரு முறையும் பட்டியல் வேறு. ஆகவே ஒரு காட்சியில் எடுக்கக்கூடிய பொருள் குறைந்தது 30 வேண்டும். ஒரு பொருளை வெட்டி, ஓட்டை அடைத்து, நிழல் திருத்த அரை மணி நேரம் என்றாலும் ஒரு காட்சிக்கு 15 மணி நேரம். 20 காட்சிக்கு 300 மணி நேரம். முதலிலேயே லேயர் பிரித்து வரைந்திருந்தால் இதில் பெரும்பகுதி தேவையே இல்லை.

வரையும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. முதலில் சாம்பல் நிறத்தில் மட்டும் ஒரு கரட்டு வரைவு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். முற்றத்திலிருந்து இடப்பக்கம் மேலிருந்து என்றால், 30 பொருளுக்கும் அதுதான். வலப்பக்கம் ஒளி விழுந்த ஒரு போட்டோவைப் பார்த்து வரைந்த குத்துவிளக்கு, எவ்வளவு ஒளித்து வைத்தாலும் முதல் பார்வையிலேயே மாட்டும்.

2. அடுத்து காலிக் கூடம். எடுக்கப்போகும் எந்தப் பொருளும் இல்லாமல், சுவர், தரை, தூண் எல்லாம் முழுதாக முடிய வேண்டும். பாக்குவெட்டிக்கு அடியில் வரப்போகும் தரையையும் சேர்த்து.

3. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லேயர் ஃபோல்டர். அதற்குள் பொருள் ஒன்று, நிழல் ஒன்று, பிரதிபலிப்பு இருந்தால் அது ஒன்று. பொருளை மறைக்கும் சங்கிலி, துணி, தூண் ஆகியவை அதற்கு மேலே தனி லேயர். மறைந்திருக்கும் பாகத்தையும் சேர்த்துப் பொருளை முழுதாக வரையுங்கள்.

4. நிழல் லேயரை மல்டிப்ளை முறையில் (அடியிலுள்ள நிறத்தோடு பெருக்கி அடர்த்தியாக்கும் முறை) விட்டு எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். கேமுக்குள் போனதும் சாதாரண லேயராக மாறி நிறம் பிசகும். கறுப்பு அல்லது அடர்பழுப்பு நிறத்தில், 35 முதல் 50 சதவீத ஒளிபுகாத் தன்மையுடன் (ஒபாசிட்டி) வரைந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியும்.

5. எக்ஸ்போர்ட்டுக்கு முன் 30 ஃபோல்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பொருள் போன இடத்தில் அது இருந்த சுவடு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பத்து நிமிட வேலை. போட்டோஷாப் என்றாலும் இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்றாலும் இதில் வேறுபாடு இல்லை.

லேயர் பிரித்து வரைந்தவர்கள்கூட எக்ஸ்போர்ட்டில் கோட்டை விடுவது உண்டு. ஒவ்வொரு பொருளையும் முழுப்பட அளவிலேயே, சுற்றிலும் வெறுமையாக, பிஎன்ஜி கோப்பாக எடுத்துவிடுகிறார்கள். இடம் தானாகப் பொருந்தும் என்பதால் வசதிதான். கோப்பும் சிறிதாகத்தான் இருக்கும், அதனால் தவறு தெரியாது. ஆனால் சுருக்காமல் நினைவகத்தில் ஏற்றினால் 3840×2160 அளவுள்ள ஒரு படம், ஒரு புள்ளிக்கு 4 பைட் கணக்கில், சுமார் 33 எம்பி. 30 பொருளுக்கு ஏறத்தாழ 1 ஜிபி. ஓவியரின் கம்ப்யூட்டரில் ஓடும். விளையாடுபவர் வீட்டிலிருக்கும் 4 ஜிபி லேப்டாப்பில் காட்சி திறக்கும்போதே திணறும். பொருளின் எல்லையோடு வெட்டி, சுற்றிலும் 2 முதல் 4 பிக்சல் மட்டும் விட்டு, இடப்பக்க மேல் மூலையின் எண்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் 2048 அல்லது 4096 பிக்சல் அளவுள்ள ஒரே படத்தாளில் அடுக்கிவிடலாம்.

பட்டியலில் இருக்கும் தமிழ்

ஆங்கிலப் பட்டியலை எழுதிக் கடைசியில் தமிழாக்குவது இன்னொரு பெரிய சறுக்கல். “மணி” என்று பட்டியலில் இருக்கிறது. பூஜை மணியா, அறுந்த மாலையின் மணியா, சுவரில் மணி காட்டும் கடிகாரமா? மூன்றும் கூடத்திலேயே இருக்கின்றன. “படி” என்றால் அரிசி அளக்கும் படியா, மாடிப்படியா? “மாலை”, “திரி”, “தட்டு” எல்லாம் இதே வகை. சரியான பொருளைத் தொட்டும் தவறு என்று கேம் சொன்னால், விளையாடுபவர் அதற்குப் பிறகு உங்களை நம்பமாட்டார். பூஜை மணி, அரிசிப் படி, விளக்குத் திரி என்று முழுப்பெயர் கொடுங்கள்.

வீட்டுக்கு வீடு பெயர் மாறும் பொருட்களும் உண்டு. துடைப்பம், விளக்குமாறு, பெருக்குமாறு மூன்றும் ஒன்றே. சென்னைக் கதைக்குத் துடைப்பம் போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிக் காட்சிவரை அதையே வையுங்கள். இரண்டாம் காட்சியில் துடைப்பம், ஐந்தாம் காட்சியில் விளக்குமாறு என்றால் அது வேறு பொருள் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எழுத்து உடைவதையும் முதல் வாரத்திலேயே சோதியுங்கள். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, இந்திய எழுத்துகளைத் தானாகக் கோத்துக் காட்டாது. கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். “கொலை” என்ற சொல்லிலேயே இரண்டு இடத்தில் தவறு வரும் என்றால், கொலை மர்ம கேமின் தலைப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2023-ல் வந்த கோடோ 4 என்ற எஞ்சின் தமிழைச் சரியாகக் கோக்கிறது. எந்த எஞ்சின் என்றாலும் கொலை, பௌர்ணமி, க்ஷேத்திரம், ஸ்ரீ ஆகிய நான்கு சொற்களைத் திரையில் போட்டுப் பாருங்கள். சரியாக வரவில்லை என்று பெயர்களைப் படமாக வரைந்து ஒட்டுவது தீர்வல்ல. ஒரு பெயரைத் திருத்த ஒரு படம் மாற்ற வேண்டியிருக்கும்.

பொருளை மங்கலாக்கி ஒளிப்பது

வேண்டாம். சுவரோடு சுவராக மங்கிக் கரைந்திருக்கும் சாவியைக் கண்டுபிடித்தவருக்கு மகிழ்ச்சி வராது, எரிச்சல்தான் வரும். உருவத்தால் ஒளியுங்கள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் தோசைக்கரண்டி, ஊஞ்சல் சங்கிலியோடு தொங்கும் கழுத்துச் சங்கிலி.

தொடும் இடத்தைப் பொருளின் அளவிலேயே வைப்பது

ஊசி ஊசி அளவு, தொடும் இடம் விரல் அளவு. டச் திரைக்குச் சுமார் 48 டிபி (dp, ஆண்ட்ராய்டில் திரை அளவுக்கான அலகு).

நிறத்தை மட்டும் துப்பாக வைப்பது

சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், இருக்கிறார்கள். வடிவமும் மாறட்டும்.

காலத்தைக் கலப்பது

கதை 1987-ல் நடக்கிறது என்று எழுதிவிட்டு, வாசலில் டிஎன் 01 என்று நம்பர் பலகை போட்ட ஸ்கூட்டரை நிறுத்துகிறார்கள். அப்போது அந்த வரிசையே கிடையாது. ஊர்ப்பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்றுதான் இருக்க வேண்டும், சென்னை என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1996-ல். ₹ குறி 2010-ல்தான் வந்தது, அதனால் 1987 மளிகைச் சீட்டில் அது வரக் கூடாது. வழக்குப் பிரிவும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதா 103, அதற்கு முந்தையதற்கு இந்திய தண்டனைச் சட்டம் 302. துப்பறிபவர் பொருளைக் கைப்பற்றினால் சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணம்) எழுத வேண்டும். அந்த மகஜரையே கேமின் பொருள் பையாக வைத்துக்கொள்ளலாம். எடுத்தது எது, எங்கே என்பது தானாகப் பதிவாகும்.

கொலை நேரத்தை உடல் சூட்டால் சொல்வது

வெளிநாட்டு கேம்களில் பார்த்ததை அப்படியே எடுத்துக்கொண்டு, “உடல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு டிகிரி குளிரும், ஆகவே கொலை நான்கு மணிக்கு” என்று மருத்துவரைப் பேச வைக்கிறார்கள். அது குளிர் நாட்டு அறைக்குப் பொருந்தும். மே மாதச் சென்னையில் வெளியே 40 டிகிரி, பூட்டிய அறைக்குள் 36, 37 என்றால் 37 டிகிரி உடல் எங்கே குளிரப்போகிறது? வெப்பத்தில் உடல் விறைப்பும் சீக்கிரம் தொடங்கி சீக்கிரம் விலகும். ஏசி ஓடியதா, யார் எப்போது அணைத்தார்கள் என்பதையே புதிராக்கினால் நன்றாக இருக்கும். அதைச் செய்பவர்கள் குறைவு.

நேரம் சொல்ல நம் வீட்டிலேயே நிறைய இருக்கிறது. வாசலில் தொங்கும் பையில் எடுக்கப்படாத ஆவின் பாக்கெட். காபி பில்டரின் கீழ்ப்பாத்திரத்தில் பாதி மட்டும் இறங்கிய டிகாக்‌ஷன். அடிபம்பின் கீழே நிரம்பி வழிந்த ஒரு குடம், பக்கத்தில் காலியாக இரண்டு. இவற்றைப் பட்டியலில் போடுங்கள். 12 பொருளில் குறைந்தது மூன்று கொலையோடு தொடர்புள்ளவையாக இருக்கட்டும்.

கொலையாளியைக் கடைசியில் முடிவு செய்வது

வரையத் தொடங்கும் முன் அன்று நடந்ததை ஐந்து நிமிட இடைவெளியில் ஒரு தாளில் எழுதுங்கள். 4.50 பின்கதவு திறந்திருக்கிறது. 5.10 கொலை. 5.30 பால் வருகிறது. 5.40 வேலைக்கார அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார், உள்ளே வரவில்லை. 5.55 கொலையாளி முன்வாசல் வழியாக வெளியேறுகிறார்.

இந்தத் தாள் இருந்தால் துப்பு தானாக வரும். கோலத்தின் மேல் ஒரே ஒரு செருப்புத் தடம், தெருவை நோக்கி. உள்ளே வந்த தடம் இல்லை. கோலம் போடுவதற்கு முன்பே அந்த ஆள் வீட்டுக்குள் இருந்திருக்கிறான். பால் போட வந்தபோது ஆள் விழுந்து கிடந்ததைப் பார்த்து ஓடியதாகச் சொல்லும் பையனின் செருப்பு இதுவாக இருக்க முடியாது, அவன் வந்தது கோலத்துக்கு முன்னால். காட்சி முதலில் திறப்பது காலை 6.15-க்கு, அப்போது தடம் தெளிவாக இருக்கும். விளையாடுபவர் இரண்டாம் முறை மதியம் வரும்போது, ஊரார் மிதித்துக் கோலம் கலைந்து, தடம் போயிருக்கும். முதல் வருகையில் கவனிக்காதவர் அதைக் கேமுக்குள் இருக்கும் போட்டோ ஆல்பத்தில்தான் தேட வேண்டும். இதற்கு வாசல் படத்தில் வேண்டியவை தெளித்த ஈரத் தரை, முழுக் கோலம், செருப்புத் தடம், கலைந்த கோலம் என்று நான்கு லேயர்கள். ஒரே படமாக வரைந்திருந்தால் வாசலை மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும்.