செக் திரும்பினால் முதலில் காலண்டரை எடுங்கள்

திருப்பூரில் பனியன் துணிக்கு பிரிண்டிங் போடும் சின்னப் பட்டறை ஒன்றில் 17 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். ஜாப் ஒர்க் செய்கிறவனுக்குப் பணம் கைக்கு வர இரண்டு மாதமாகும், மூன்று மாதமாகும். நடுவில் வாங்கி வைக்கும் செக்குகளில் வருடத்துக்கு நாலைந்து திரும்பிவிடும். திரும்பியதும் எங்கள் முதலாளி பார்ட்டிக்கு போன் போட்டுச் சத்தம் போடுவார். அவர் 'வர்ற திங்கக்கிழமை' என்பார். திங்கள் வரும், பணம் வராது. இதற்குள் நான், செக் திரும்பியது என்று வங்கி தரும் சீட்டான மெமோவின் மேல் அது கைக்கு வந்த தேதியை எழுதி, காலண்டரில் 30 நாள் எண்ணி வட்டம் போட்டிருப்பேன்.

138 கேஸ் என்று ஊரே சொல்வது, பணமில்லாமல் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவை. இதில் எல்லாமே தேதிக் கணக்குதான். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்தபின் பார்ட்டிக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் அவர் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும்.

மெமோ மார்ச் 4-இல் வந்தது என்று வையுங்கள். அந்த நாளை விட்டு எண்ணினால் நோட்டீஸுக்கு ஏப்ரல் 3 கடைசி. நோட்டீஸ் அவரிடம் மார்ச் 20-இல் சேர்ந்தால் ஏப்ரல் 4 வரை அவர் கட்டலாம். ஏப்ரல் 5-இல்தான் வழக்குப் போடும் உரிமை நமக்குப் பிறக்கிறது, மே 5-க்குள் போட்டுவிட வேண்டும். கோபத்தில் 15 நாள் முடியும் முன்பே ஓடக்கூடாது. அப்படிப் போட்ட புகார் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. இன்னொன்று, செக் திரும்பியதை வங்கி இப்போது எஸ்எம்எஸ்ஸில் உடனே சொல்லிவிடுகிறது. மெமோவை நாம் நாலு நாள் கழித்துப் போய் வாங்குகிறோம். நான் எஸ்எம்எஸ் வந்த நாளிலிருந்தே எண்ணுவேன். எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொள்ள நாமே ஏன் ஒரு நூல் விட வேண்டும்?

சரி, 30 நாள் தவறிப்போனால்? செக்குக்கு இன்னும் 3 மாதம் முடியவில்லை என்றால் மறுபடி போடுங்கள். திரும்பினால் புதிதாக எண்ணத் தொடங்கலாம். நோட்டீஸ் அனுப்பாதவரை இதற்கு முன்பும் வழி இருந்தது; நோட்டீஸ் அனுப்பிவிட்டு வழக்குப் போடத் தவறியவருக்குத்தான் முன்பு வழி இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில், 2012-இல், உச்ச நீதிமன்றம் தன்னுடைய 1998 தீர்ப்பையே மாற்றி இந்தக் கதவைத் திறந்தது.

நோட்டீஸை வக்கீல்தான் எழுதுவார், ஆனாலும் அனுப்பும் முன் நீங்கள் ஒருமுறை படியுங்கள். படிக்கும்போது செக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொகையை எண்ணிலும் எழுத்திலும் ஒப்பிடுங்கள். 2025-இல் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் செக் 1 கோடிக்கு, நோட்டீஸில் கேட்டது 2 கோடி. டைப் அடித்ததில் வந்த பிழை என்று வாதாடிப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, நோட்டீஸே செல்லாது என்றது. வட்டி, வக்கீல் செலவு எல்லாம் கேட்கலாம், ஆனால் செக் தொகையைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். செக் கம்பெனியுடையது என்றால் கம்பெனியையும் எதிரியாகச் சேர்க்க வேண்டும். டைரக்டர்மேல் மட்டும் போட்டால் நிற்காது. இது 2012-இல் வந்த அனிதா ஹாடா தீர்ப்பு.

நோட்டீஸை வாங்காமல் ஒளிகிறவர்கள் உண்டு. கதவு பூட்டியிருந்தது என்று தபால் திரும்பினால் கலங்க வேண்டாம். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்று கேரளத்து அலவி ஹாஜி வழக்கில் 2007-இல் தீர்ப்பு இருக்கிறது. பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் இப்போது டிராக்கிங் பக்கத்தை அன்றே பிரிண்ட் எடுத்து வைக்கிறேன். திரும்பி வந்த கவரைப் பிரிக்கக்கூடாது. அப்படியே ஃபைலில் போகட்டும்.

வழக்கை எங்கே போடுவது என்பது இப்போது சுலபம். 2014 தீர்ப்பு ஒன்றால் செக் கொடுத்தவருடைய வங்கிக் கிளை இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியிருந்தது; கொல்கத்தா பார்ட்டி என்றால் கொல்கத்தாவுக்கு. 2015 திருத்தத்துக்குப் பிறகு நம் கணக்கு உள்ள கிளையின் ஊரிலேயே போடலாம். கையெழுத்து மட்டும் போட்டு வெற்றுச் செக் கொடுத்தேன் என்ற பழைய பாட்டும் இப்போது அவ்வளவாக எடுபடுவதில்லை. கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால் கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது என்று பீர் சிங் வழக்கில் 2019-இல் சொல்லியாயிற்று.

இவ்வளவும் செக்கை வங்கியில் போட்ட பிறகு. போடும் முன்பே நான் கோட்டை விட்ட கதை ஒன்று இருக்கிறது. 2023 தீபாவளிக்கு முன் ஒரு பார்ட்டி 2,40,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தார். பத்து நாள் கழித்து ஜிபேயில் 60,000 அனுப்பினார். லெட்ஜரில் வரவு வைத்தேன், செக்கை அப்படியே முழுத் தொகைக்குப் போட்டேன். திரும்பியது. மெமோவோடு வக்கீலிடம் போனால், லெட்ஜரைப் பார்த்துவிட்டு, "இது 138-இல் நிக்காதுங்க" என்றார். 2022-இல் குஜராத் வழக்கொன்றில் செக் 20 லட்சத்துக்கு, கடன் வாங்கியவர் அதற்குள் 4,09,315 ரூபாய் கட்டியிருந்தார். வங்கியில் போட்ட நாளில் உண்மையான பாக்கி செக் தொகையைவிடக் குறைவு என்பதால் குற்றமே ஆகவில்லை என்று தீர்ப்பு. வந்த பணத்தைச் செக்கிலேயே குறித்து மீதிக்கு மட்டும் போட்டிருக்கலாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள்.

மீதி 1,80,000-க்கு சிவில் வழக்குப் போட்டோம். அதற்கு 3 வருடம் அவகாசம் இருந்ததால் பிழைத்தோம். வாய்தாவுக்கு மேல் வாய்தா, இன்னும் நடக்கிறது. அப்புறம் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். யாராவது பாதிப் பணம் அனுப்பினால் அன்று மாலையே பட்டறைப் பையனைப் பழைய செக்கோடு வண்டியில் அனுப்பிவிடுவேன், மீதித் தொகைக்குப் புதுச் செக் வாங்கிய பிறகுதான் பழையதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி.