விலா எலும்பு முறிந்தால்: வீட்டில் முதல் ஆறு வாரம்

மழை நாளில் கால் வழுக்கி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையோடு கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்தார் எங்கள் பெரியம்மா. இரண்டு விலா எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடாமல் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் கொடுத்து அனுப்பியதில் எங்களுக்குச் சமாதானமே இல்லை. ஆனால் அதுதான் சரியான வைத்தியம். சேலையைக் கிழித்து நெஞ்சை இறுகக் கட்டினால் நுரையீரல் விரியாது. எண்ணெய் போட்டு உருவவும் விடாதீர்கள்.

முதல் வேலை, வலியை அடக்குவது. வலி ஏறும்வரை காத்திராமல் மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு, வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி தணிந்ததும் மூச்சுப் பயிற்சி. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி உள்ளேயே தேங்கி நியூமோனியா வரலாம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, நிமிர்ந்து உட்கார்ந்து பத்துத் தடவை மெதுவாக ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி விட வேண்டும். இருமல் வந்தால் அடக்கக்கூடாது. தலையணையை வலிக்கும் இடத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமி, சளியைத் துப்பட்டும். பெரியம்மா முதல் நாள் அழுதேவிட்டார். நாலாம் நாள் தானாகவே தலையணையைக் கேட்டார். விறகு அடுப்புப் புகை படாத இடத்தில் படுக்கை போடுங்கள். சாய்ந்தபடி தூங்குவது சுகம்.

அப்புறம் நடை. வைத்தியர் தடுக்காவிட்டால் அடுத்த நாளே லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் கொஞ்சம் நடக்கலாம். எலும்பு பொருந்த ஆறு வாரமாவது ஆகும், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். அதுவரை தண்ணீர் வாளி, விறகுக் கட்டு, கூடை எதுவும் வேண்டாம். அரைப் பேராவது (அரைநாள் சம்பளமாவது) கிடைக்குமே என்று மலைக்குப் போகத் துடிப்பார்கள். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் விடாதீர்கள்.

காய்ச்சல், மஞ்சள் அல்லது பச்சைச் சளி வந்தால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் வந்தால் காத்திருக்கவே கூடாது. நுரையீரலைச் சுற்றிக் காற்றோ இரத்தமோ சேர்ந்திருக்கலாம். இடப்பக்கக் கீழ் விலா முறிந்தவருக்கு வயிற்று வலி, இடது தோள் வலி, தலைச்சுற்று வந்தால் மண்ணீரல் காயம் இருக்கலாம். விழுந்து சில நாள் கழித்தும் அது வெளிப்படும். விடியட்டும் என்று பார்க்காமல் இலங்கையின் அவசர இலக்கமான 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தோட்டம், டிவிஷன், லயத்து நம்பர், வண்டி எதுவரை ஏறும் என்பதையெல்லாம் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள்.