அந்த மழை நம் ஊர் மழை இல்லை: வெளிநாட்டில் படிக்கும்போது ஒருநாள் சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரத்தில் இருக்கும் சித்தி மகள் வரும் செப்டம்பரில் மேற்படிப்புக்கு மான்செஸ்டர் போகிறாள். போன வாரம் தருமபுரிக்கு வந்தவள் நான்கு ரோட்டில் ஒரு குடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பட்டனை அமுக்கினால் விரியும், மூன்றாக மடியும். "இது போதுமாக்கா?" என்றாள். நான் அங்கே படிக்கப் போனபோது இதே மாதிரி ஒன்றைத்தான் எடுத்துப் போனேன். முதல் சுற்றுலாவில், வின்டர்மியர் ரயில் நிலைய வாசலிலேயே அது காற்றில் தலைகீழாகத் திரும்பி இரண்டு கம்பி முறிந்து, குப்பைத் தொட்டிக்குப் போனது.

மழை என்றால் நம் ஊர் மழை என்று நினைத்துக்கொண்டு போவதுதான் சிக்கல். ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் தருமபுரிக்கும் மான்செஸ்டருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஏறத்தாழ 800-க்கும் 900-க்கும் இடைப்பட்ட மில்லிமீட்டர்தான். இங்கே அது சாயங்காலம் இடியோடு கொட்டும், டீக்கடை ஓரமாக அரை மணி நேரம் ஒதுங்கினால் வெறித்துவிடும். அங்கே அதே தண்ணீர் ஆண்டில் 140 நாளுக்கு மேல் பங்கு போட்டு வருகிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, அங்கே மழையே தூவானம்தான். கூடவே காற்று வேறு.

அதனால் அங்கே ‘விடட்டும், கிளம்பலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, ஆறு பேர், ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்குப் போவதாகத் திட்டம். காலை ஏழரை மணி ரயில். தூறலைப் பார்த்துவிட்டு ஹாஸ்டல் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே பத்து மணி வரை உட்கார்ந்துவிட்டோம். ஆக்ஸன்ஹோமில் ரயில் மாறி வின்டர்மியரில் இறங்கும்போது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. அந்த மாதத்தில் அங்கே நாலு மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள்; அதற்கு அப்புறம் பகல் இன்னும் சுருங்கிப் போனதுபோல் இருக்கும். நாலு மணி என்பது நமக்கு டீ நேரம், அங்கே டார்ச் நேரம்.

சரி, வந்ததுதான் வந்தோம் என்று நிலையத்துக்கு எதிரிலேயே தொடங்கும் ஓரஸ்ட் ஹெட் குன்றில் ஏறினோம். அரை மணி நேர ஏற்றம்தான். உச்சியில் நின்று பார்த்தால் வெள்ளை. 17 கிலோமீட்டர் நீளமுள்ள, இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரியான வின்டர்மியர் கண்ணெதிரில் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்ததோ பக்கத்தில் நின்றவளின் மூக்கு நுனியில் தொங்கிய சொட்டு மட்டும். மேகம் தாழ்ந்த நாளில் ‘வியூ பாயின்ட்’ என்ற பெயருள்ள எந்த இடத்துக்கும் போகாதீர்கள். அன்றைக்கு செஸ்டருக்குப் போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும். அங்கே ‘ரோஸ்’ என்று பழங்காலக் கடைத்தெரு இருக்கிறது. கடைகளுக்கு மேல் முதல் மாடியிலும் கடைகள், அவற்றின் முன்னால் கூரை போட்ட நடைபாதை. இடைக்காலத்தில் தொடங்கிய அமைப்பு. நம் ஊர்த் திண்ணையை மாடியில் ஏற்றி வைத்து வரிசையாகக் கோத்ததுபோல் இருக்கும். நனையாமல் ஊரில் பாதியைப் பார்த்துவிடலாம். யார்க் என்றால் தேசிய ரயில் அருங்காட்சியகம், நுழைவு இலவசம். மழை நாளுக்கு என்று இப்படி இரண்டு மூன்று ஊரைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உடை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு லேசில் விடாது. ஈரத் துணி காற்றில் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து உறிஞ்சும். நம் ஊரில் அது சுகம், எட்டு டிகிரியில் பல் கிட்டித்துப் போகும். ஜாக்கெட்டை இங்கே வாங்காமல் அங்கே போய் வாங்குங்கள். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று போட்டிருந்தால் கொஞ்ச நேரத் தூறலுக்கு மட்டும்தான் தாங்கும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று இருக்க வேண்டும், உள்ளே திருப்பிப் பார்த்தால் தையல்மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். பழைய பொருள்களை விற்கும் சாரிட்டி ஷாப்களில் நல்லது மலிவாகக் கிடைக்கும். பைக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு ஜோடி சாக்ஸ். நனைந்த சாக்ஸை மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில் கிடைக்கும் ஆனந்தத்தை அனுபவித்தால்தான் தெரியும்.

டிக்கெட்டில் ஏமாந்தது தனிக்கதை. விலை குறைவு என்று ‘அட்வான்ஸ்’ டிக்கெட் எடுத்திருந்தோம். அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். தோசை சுட்டு அதைத் தவறவிட்டதால் ஆறு பேரும் புதிதாக டிக்கெட் எடுத்தோம். மழை நாளில் நேரம் எப்படியும் முன்பின்னாகும்; கூட்ட நேரம் தவிர எந்த ரயிலிலும் போய்வர உதவும் ‘ஆஃப் பீக் ரிட்டர்ன்’ கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. 16-25 ரயில்கார்டு எடுத்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 25 வயதைத் தாண்டியவரும் முழுநேர மாணவர் என்றால் எடுக்கலாம். ஆனால் டிக்கெட்டும் கார்டும் போனில் இருக்கும்போது போன் அணைந்துவிட்டால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், ஈர விரலுக்குத் திரை மசியாது. பவர் பேங்க் கட்டாயம். ரயிலே தாமதமாக வந்தால் சும்மா விடாதீர்கள். கம்பெனியைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடத்துக்கு மேல் போனால் ‘டிலே ரீபே’ என்று பணம் திரும்பக் கேட்கலாம், 28 நாளுக்குள்.

குன்றிலிருந்து இறங்கி பக்கத்து ஊரான ஆம்பிள்சைடுக்கு பஸ் ஏறினோம், ஸ்டாக் கில் அருவி பார்க்க. 70 அடி அருவி, மழையில் நிறைந்து கொட்டியது. இங்கேதான் ரொம்ப கவனம் வேண்டும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகமே குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும். தாண்டிப் போனால் விசிலாவது ஊதுவார்கள். அங்கே ஆளே இல்லை, மிஞ்சிப்போனால் ஒரு பலகை இருக்கும். பாசி பிடித்த பாறையில் செல்ஃபிக்காகக் கால் வைத்த தோழி வழுக்கி உட்கார்ந்தாள். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. கிளம்பும் முன் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸின் தளத்தில் மஞ்சள், ஆம்பர், சிவப்பு எச்சரிக்கை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மலையில் மாட்டிக்கொண்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது.

திரும்பும்போது நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். எங்களிடம் இருந்த ஸ்கிரீன்ஷாட் கோடைக்கால பஸ் அட்டவணை. குளிர்காலத்துக்கு வேறு அட்டவணை என்று யாருக்கும் உறைக்கவில்லை. டீக்கடைகளும் சாத்திவிட்டார்கள். பையிலிருந்த புளிசாதம் ஐஸ் மாதிரி ஆகியிருந்தது. சாதத்தோடு ஒரு ஃபிளாஸ்க் ரசமும் எடுத்துப் போயிருக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்போ இந்தக் குடையை என்னக்கா பண்றது?" என்றாள். சித்தி வாங்கிப் பட்டனை அமுக்கிப் பார்த்தார். "சந்தைக்குப் போக எனக்கு ஆகும், வெயிலுக்கும் பிடிக்கலாம்" என்று தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.