மாலை மாற்றும்போது தும்மாமல் இருக்க: கல்யாணப் பூவில் நடக்கும் தவறுகள்

மாலை மாற்றும் நேரத்தில் நான் ஏழு தடவை தும்மினேன். முன்வரிசைக் கிழவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'மல்லிப்பூ ஆகாத பிள்ளை' என்று அன்றைக்கு விழுந்த பேர் இன்னும் போகவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் நடந்த என் கல்யாணம் அது. ஆறு மாதம் கழித்து மதுரையில் ஒவ்வாமைக்கான தோல் சோதனை செய்தபோதுதான், எனக்குச் சேராதவை சீமைக்கருவேல மகரந்தமும் தென்னை மகரந்தமும் என்று தெரிந்தது. மண்டபத்துக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை கருவேலங்காடு. வாசலின் இருபுறமும் விரித்துக் கட்டிய தென்னம்பாளை. மல்லிக்கு வீண் பழி.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வாசமுள்ள பூவெல்லாம் அலர்ஜி என்று நினைத்துக்கொள்கிறோம். மல்லி, ரோஜா போன்றவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது. பூச்சிதான் சுமந்து போகவேண்டும், காற்றில் அதிகம் பறக்காது. மல்லியால் தொல்லை வருகிறதென்றால் பெரும்பாலும் அதன் வாசனைதான் மூக்கை உறுத்துகிறது, தலைவலி தருகிறது, ஆஸ்துமா இருந்தால் இழுப்பையும் கிளப்பிவிடும். விரிந்த பாளை அப்படி இல்லை. தட்டினாலே தூள் கொட்டும். மங்கலத்துக்குப் பாளை வேண்டுமே என்பார்கள். குருத்தோலைத் தோரணமும் நுங்குக் குலையும் கட்டுங்கள், நம் ஊருக்கு அதைவிட மங்கலம் என்ன வேண்டும்? மண்டபம் பிடிக்கும்போது சமையற்கட்டைப் பார்ப்பது போல, ஜன்னலுக்கு வெளியே என்ன வளர்ந்து நிற்கிறது என்றும் ஒரு நடை பாருங்கள்.

சோதனைக்குக் கல்யாண வாரத்தில் ஓடுவதும் தப்பு. அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்கிறபடி சில நாள் அதை நிறுத்திவிட்டுத்தான் அந்தத் தோல் சோதனை செய்ய முடியும். இரண்டு மாதம் முன்பே போய்விடுங்கள்.

அடுத்தது கதம்பம். பலர் மாலையை மட்டும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, தலையில் வைக்கும் கதம்பத்தைப் பூக்காரரிடமே விட்டுவிடுகிறார்கள். அதில் பச்சைக்காகச் சேர்க்கும் மரிக்கொழுந்து, செவ்வந்தி, துலுக்கச் செவ்வந்தி, மேடை அலங்காரத்து ஜெர்பெரா எல்லாம் ஒரே குடும்பம். ரோட்டோரத்துப் பார்த்தீனியமும் அதே குடும்பம்தான். பார்த்தீனியம் பட்டுத் தடிப்பு வந்தவர்களுக்குச் செவ்வந்தி மாலையால் கழுத்தெல்லாம் அரிக்க வாய்ப்புண்டு. இந்த வகைத் தடிப்பு பட்ட உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். அதனால் முதல்நாள் இரவு கையில் தேய்த்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகத் தூங்குவதில் அர்த்தமில்லை. தோல் டாக்டரிடம் முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ஒட்டி 48 மணி நேரம் கழித்துத்தான் அதைப் பிரித்தே பார்ப்பார்கள்.

"அண்ணே, மரிக்கொழுந்து வேண்டாம்" என்று என் தங்கை கல்யாணத்தில் சொன்னபோது, "வாசத்துக்கே அதுதானம்மா" என்றார் பூக்காரர். இரண்டாவது முறை சொன்னேன். மூன்றாவது முறை எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம் சம்பந்தி வீடு. நம் பூக்காரரிடம் எல்லாம் சொல்லி வைத்திருப்போம். மாப்பிள்ளை வீட்டு மாலை அவர்கள் ஊரிலிருந்து சம்பங்கியும் செவ்வந்தியுமாக, சில சமயம் பச்சை, நீலச் சாயம் தெளித்து வந்து இறங்கும். மூன்று முறை மாற்றும்போது அந்த மாலைதானே நம் கழுத்துக்கு வருகிறது! சொல்லச் சங்கடப்பட்டு விட்டுவிடுகிறார்கள். நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிடுங்கள், "மருமகளுக்கு இந்தப் பூ சேராது அத்தை" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

பிளாஸ்டிக் பூ வைத்தால் தொல்லை தீர்ந்தது என்பதும் சரியில்லை. வாடகை அலங்காரத்தில் பத்துக் கல்யாணத் தூசி இருக்கும்.

மாத்திரையை முதல்முதலாக முகூர்த்தத்தன்று போட்டுப் பார்க்க வேண்டாம். சில அலர்ஜி மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். மணவறையில் சொக்கி விழுவீர்கள். எது ஒத்துக்கொள்கிறது என்று முன்பே டாக்டரிடம் கேட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். இன்ஹேலர் உள்ளவர்கள் அதைத் துணைக்கு நிற்கும் பெண்ணின் கையில் கொடுத்து வையுங்கள். நகைப்பெட்டியில் பூட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, என்னதான் வைப்பது? கனகாம்பரத்துக்கு வாசமே கிடையாது, ஜடைக்கு அழகாகவும் நிற்கும். மாலைக்கு வாசம் குறைந்த ரோஜா நல்லது, பன்னீர் ரோஜா வேண்டாம். ஆர்க்கிட்டில் மகரந்தம் கட்டியாக ஒட்டியிருக்கும், உதிராது. விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

மல்லி இல்லாமல் மனசு ஒப்பவில்லையா? முதல்நாள் பறித்துக் கட்டிய சரம் ராத்திரியே விரிந்து, காலையில் வாசம் தூக்கும். மல்லிகை நாற்றுக்குப் பேர்போன தங்கச்சிமடம் இருக்கிற கரை இது, பக்கத்தில் யாராவது ஒருவர் வீட்டிலாவது மல்லித்தோட்டம் இருக்கும். அதனால் முகூர்த்தத்தன்று விடியற்காலையில் பறித்த மொட்டை அப்படியே கட்டச் சொல்லுங்கள். சாயங்காலம்தான் அது விரியும். அதற்குள் தாலி கட்டிச் சாப்பாடும் முடிந்திருக்கும், சரத்தைக் கழற்றி அத்தை தலையில் வைத்துவிடலாம்.