மலைத்தீவு மேப் கையால வரையிறது எப்படி? மலையில இருந்து ஆரம்பிங்க

ஃபேன்டஸி மேப், அதாவது கற்பனை இடத்துக்கு மேப் வரைய ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் பண்றது என்னன்னா, வளைஞ்சு நெளிஞ்சு ஒரு கரையைப் போட்டுட்டு, உள்ள காலியா இருக்கேன்னு நடுவுல வரிசையா சமோசா அடுக்கின மாதிரி மலையை அடுக்கிடுவாங்க. பார்க்க சுமாரா இருக்கும், ஆனா எங்கயோ இடிக்கும். ஏன்னா மலைத்தீவுல கரை எப்படி இருக்கணும்னு முடிவு பண்றதே மலைதான். அதனால நாம ஆர்டரை மாத்துறோம். மலை முதல்ல, அப்புறம் கரை, அப்புறம் ஆறு, ஊரெல்லாம் கடைசில. பேப்பர்ல அரிசியைக் கொட்டி அதைச் சுத்தி கோடு போட்டு தீவு பண்ற ட்ரிக் ஒன்னு சுத்திட்டு இருக்கு, சமவெளித் தீவுக்கு அது ஓகே, இதுக்கு வேணாம்.

சாமான் ரொம்ப இல்ல. கொஞ்சம் தடிமனான கார்ட்ரிட்ஜ் பேப்பர், ஏ4 போதும். ஜெராக்ஸ் பேப்பர்ல இங்க் ஊறிப் பரவிடும். ஒரு எச்பி பென்சில், நல்ல ரப்பர், முனை 0.1, 0.3, 0.5 மி.மீன்னு வாட்டர்ப்ரூஃப் இங்க் பேனா மூணு. ஒன்னுதான் வாங்க முடியும்னா 0.3 வாங்குங்க. சென்னைல பாரிஸ் கார்னர் பக்கம் போறவங்க ஆண்டர்சன் தெருவுல பேப்பர் பார்த்துக்கலாம், இல்லன்னா தெருமுனை ஸ்டேஷனரி கடையே போதும். நம்ம ஊர் வெக்கைல கை வேர்த்து பென்சில் எல்லாம் ஈஷிக்கும், அதனால கைக்கு அடியில ஒரு துண்டு பேப்பர் எப்பவும் இருக்கட்டும்.

ஸ்டெப் 1: சைஸ்

தீவு எவ்ளோ பெருசுன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. மடகாஸ்கருக்குக் கிழக்க ரீயூனியன்னு ஒரு எரிமலைத்தீவு இருக்கு, நீளம் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, ஆனா நடுவுல இருக்குற சிகரம் 3,000 மீட்டரைத் தாண்டும், நம்ம ஆனைமுடியை விட உயரம். 1 செ.மீக்கு 5 கி.மீன்னு வச்சா அது ஏ4ல அழகா உக்காந்துடும். அதே ஸ்கேல்ல அந்தமான்ல இருக்குற பேரன் (Barren) தீவைப் போட்டீங்கன்னா, அது வெறும் 3 கி.மீ அகலம்தான், அரை சென்டிமீட்டர் புள்ளியாத்தான் வரும். சின்னத் தீவுன்னா ஒரே ஒரு மலை, பெரிய தீவுன்னா தொடர், அவ்ளோதான் கணக்கு. (ஸ்கேல்னு சொன்னதும் ஞாபகம் வருது, இந்தியாவையே அளந்த அந்தப் பெரிய சர்வேக்கு 1802ல லாம்ப்டன்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி முதல் பேஸ்லைனை, அதாவது மத்த அளவுக்கெல்லாம் அடிப்படையான கோட்டை, அளந்தது நம்ம பரங்கிமலை பக்கத்துலதான்.)

ஸ்டெப் 2: முகடு

பென்சில்ல லேசா ஒரு கோடு, தீவோட ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு. நேரா வேணாம், நட்டநடுவுலயும் வேணாம், ஒரு பக்கம் தள்ளி இருக்கட்டும். அதுல இருந்து ரெண்டு பக்கமும் கிளைக்கோடு பிரிச்சு விடுங்க, சிலது நீளமா, சிலது குட்டையா. இதுதான் மலை எங்க ஓடுதுன்னு சொல்ற கோடு, இதுமேலதான் மிச்சம் எல்லாம்.

ஸ்டெப் 3: கரை

இப்ப ஒவ்வொரு கிளைக்கோடும் எங்க முடியுதோ அங்க கரையை வெளிய தள்ளுங்க, ரெண்டு கிளைக்கு நடுவுல உள்ள இழுங்க. தள்ளின இடம் முனை, இழுத்த இடம் குடா. மலை நேரா கடல்ல இறங்குற இடத்துல கோடு கரடுமுரடா உடைஞ்சு உடைஞ்சு போகணும், கிளைக்கோடு போன அதே திசையில கடலுக்குள்ளயும் ரெண்டு மூணு பாறை போடுங்க, கன்னியாகுமரில பார்த்திருப்பீங்களே அப்படி. மலை தள்ளி இருக்குற பக்கம் கரை வழவழன்னு நீளமா போகலாம், மெரினால இருந்து ஈசிஆர் பூரா பார்த்தா தெரியும், மேடே இல்லாத கரை எப்படி போகுதுன்னு. இந்த ரெண்டு வகைக் கரையும் ஒரே தீவுல வந்தாலே மேப் பாதி நிஜமாயிடும்.

ஸ்டெப் 4: ஆறு

இலங்கை மேப்பைத் திறந்து வச்சுக்கோங்க. நடு மலைநாட்டுல இருந்து ஆறெல்லாம் நாலா பக்கமும் போகும். களனி மேற்கால கொழும்பு பக்கம், மகாவலி 335 கி.மீ சுத்தி திருகோணமலை பக்கம். அதையே பண்ணுங்க. ரெண்டு கிளைக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல ஆரம்பிச்சு, வழியில ஒன்னோட ஒன்னு சேர்ந்து கடலுக்குப் போகணும். கீழ போகப் போக ஆறு சேரும், பிரியாது, பிரியிறது டெல்டாவுல மட்டும்தான். ஒரு கடல்ல ஆரம்பிச்சு இன்னொரு கடல்ல முடியிற ஆறு வேணவே வேணாம்.

ஸ்டெப் 5: மலை வரையிறது

இதுக்குத்தான் டைம் எடுத்துக்கணும். பேப்பரோட கீழ்ப்பக்கம் இருக்குற மலையை முதல்ல போடுங்க, அப்புறம் மேல போங்க. கீழ இருக்குறது முன்னாடி நிக்குது, மேல இருக்குறது அதுக்குப் பின்னாடி மறையுது, அதனால பின்னாடி மலையோட கோடு முன்னாடி மலையைத் தொட்டதும் நின்னுடணும். மேல இருந்து ஆரம்பிச்சா ஒன்னு மேல ஒன்னு ஏறி, அழிச்சு அழிச்சு பேப்பர் கிழிஞ்சுடும்.

ஒரு மலைக்கு, ரெண்டு பக்கச் சரிவும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது, ஒன்னு செங்குத்தா, ஒன்னு நீளமா. உச்சில இருந்து கீழ வரைக்கும் நடுங்குற கையால போட்ட மாதிரி ஒரு கோடு இறக்குங்க, இது மலையை வெளிச்சப் பக்கம் நிழல் பக்கம்னு பிரிக்கும். வெளிச்சம் மேல் இடது மூலையில இருந்து வருதுன்னு வச்சுக்கோங்க, இது பழைய வழக்கம், மேப் பார்க்குற கண்ணு அதுக்குப் பழகிடுச்சு. அப்ப வலது பக்கம் நிழல். அங்க மட்டும் சரிவு போற திசையிலயே குட்டிக் குட்டிக் கோடு. செங்குத்தா இருந்தா கோடு நெருக்கமா, தடிமனா, மெதுவான சரிவுன்னா தள்ளித் தள்ளி மெல்லிசா. 1799ல லேமன்னு ஒரு ஜெர்மன்காரர் இதையே கணக்கா முறைப்படுத்தினார், அந்தக் காலத்து ராணுவ மேப்பெல்லாம் இப்படித்தான் இருக்கும். இடது பக்கத்தைத் தொடாதீங்க, அந்த வெள்ளைதான் வெளிச்சமே, காலியா இருக்கேன்னு கை பரபரக்கும், விட்டுடுங்க.

தொடரோட நடுவுல பெரிய மலை, முனைக்குப் போகப் போக சின்னது, ஓரத்துல வெறும் குன்று.

ஸ்டெப் 6: மழை எந்தப் பக்கம்?

காத்து எங்க இருந்து வருதுன்னு ஓரத்துல ஒரு அம்பு போட்டுக்கோங்க. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில மோதி கேரளா பக்கம் கொட்டிட்டு நம்ம பக்கம் வறண்ட காத்தா இறங்குதே, அதே கதைதான் இங்கயும். காத்து மோதுற பக்கம் காடு, நிறைய ஓடை. மறுபக்கம் அங்கங்க ஒரு புதர், புள்ளி புள்ளியா, அவ்ளோதான். ஊர் வைக்க நமக்கு ஐந்திணையே இருக்கு, குறிஞ்சிக்கு மலையடிவாரம், மருதத்துக்கு ஆத்தங்கரை, நெய்தலுக்கு அந்தக் குடா. மழை வராத பக்கம் பாலை, அங்க ஊர் வைக்காதீங்க, கொள்ளைக்காரங்களை வைங்க.

ஸ்டெப் 7: இங்க்

கரைக்கு 0.5, மலை விளிம்புக்கு 0.3, நிழலுக்கும் ஆத்துக்கும் 0.1. ஆறு கடலுக்குக் கிட்ட வரும்போது ரெட்டைக் கோடாக்கலாம். கடல் பக்கம் கரையை ஒட்டியே ரெண்டு மூணு மெல்லிய கோடு சுத்தி வரட்டும், வெளிய போகப் போக இடைவெளி கூடணும். நல்லா காஞ்ச அப்புறம் பென்சிலை அழிங்க, அவசரப்பட்டா மொத்தமும் கறுப்பாயிடும்.

பேரு எழுதும்போது மலைத்தொடர் பேரை முகட்டோட வளைவுலயே எழுதுங்க, எழுத்துக்கு நடுவுல நல்லா இடம் விட்டு. கரை ஊரு பேரெல்லாம் கடல் பக்கம் எழுதினா மலைக்கோட்டோட மோதாது.

பழைய பேப்பர் லுக் வேணும்னா ஃபில்டர் காபி டிகாக்‌ஷனைத் தண்ணி கலந்து பிரஷ்ல லேசா ஒரு தடவை பூசுங்க. பால் ஊத்தினது வேணாம், எறும்பு வரும். பேப்பர் சுருங்கினா பரவால்ல, முழுசா காஞ்சதும் கனமான புக்குக்கு அடியில ராத்திரி பூரா வச்சா தட்டையாயிடும்.