பதிவில் அழகு, மடலில் அலங்கோலம்: படங்களை அடுக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலைப்பதிவும் செய்திமடலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று, பதிவை அப்படியே காப்பி எடுத்து மடலில் ஒட்டிவிடுகிறார்கள். காரைக்குடியிலிருந்து வெளிநாட்டுக்குப் பலகாரம் அனுப்புகிறவரும் இதைத்தான் செய்கிறார், ஆத்தங்குடி டைல்ஸ் விற்பவரும் இதைத்தான் செய்கிறார். பிரவுசருக்குப் புரியும் பல கட்டளைகளை மின்னஞ்சல் செயலிகள் கண்டுகொள்வதே இல்லை. விண்டோஸில் உள்ள பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து, வேர்டை வைத்துத்தான் மடலைக் காட்டுகிறது. படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதெல்லாம் அங்கே எடுபடாது. படங்களின் வரிசை, நீள அகல விகிதம், எந்தக் குறிப்பு எந்தப் படத்துக்கு என்பது, இந்த மூன்றும் இரண்டு இடத்திலும் மாறாமல் இருந்தால் போதும். மற்றதை விட்டுக்கொடுக்கலாம்.

அதிகம் சொதப்புவது வரிசைதான். டைல்ஸ் செய்முறையை நான்கு படங்களில் காட்டுகிறீர்கள்: கண்ணாடி மேல் அச்சை வைப்பது, கலர் சிமென்ட் கலவை ஊற்றுவது, பின்பக்கம் மணலும் சிமென்டும் போட்டு மூடுவது, தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவது. கம்ப்யூட்டரில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் டெம்ப்ளேட்டில், அதாவது மடலின் தயார் வடிவத்தில், அதை இடது பத்தி, வலது பத்தி என்று கட்டியிருந்தால், போனில் இடது பத்தி முழுவதும் முதலில் வரும். அதாவது ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு. கலர் ஊற்றும் முன்பே பின்பக்கத்தை மூடிவிட்டார்கள்! கூடவே 'வலது படத்தில் பாருங்கள்' என்று எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம், போனில் வலது பக்கமே கிடையாது. முகப்பில் நின்றால் பின்கட்டு வரை நேராகத் தெரியும் நம் ஊர் வீடு மாதிரி, படங்களையும் ஒரே பத்தியில் மேலிருந்து கீழாக அடுக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அடியிலேயே அதன் குறிப்பு.

அடுத்தது வெட்டு. கண்டாங்கிச் சேலைப் படங்கள் பதிவில் ஒரே அளவு சதுரமாகத் தெரிவது பெரும்பாலும் தீம், அதாவது வலைப்பதிவின் தோற்ற வடிவமைப்பு, செய்யும் வேலை. கோப்பு என்னவோ நெட்டையும் குட்டையுமாகத்தான் இருக்கும். மடலில் அந்த வெட்டு விழாமல் ஒன்று நீளமாக, ஒன்று அகலமாக வந்து நிற்கும். கோப்பையே வெட்டிச் சேமியுங்கள். பார்டர் எங்கே அறுபட வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், தீம் செய்யக் கூடாது.

அகலத்தைச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. மடலுக்கு 600 பிக்சல் என்பது வழக்கம். 1200 பிக்சலில் சேமித்து, படத்தின் அகலம் 600 என்று எண்ணாகவே குறித்துவிடுங்கள். 'அதிகபட்ச அகலம்' என்ற கட்டளையைப் பழைய அவுட்லுக் மதிக்காது. போனில் எடுத்த படத்தை அப்படியே போட்டால் திரையைத் தாண்டிப் போகும்.

தீபாவளி விலைப்பட்டியலை ஒரே போஸ்டராக அனுப்புவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வாட்ஸ்அப்புக்கு அது சரி. மடலில், அலுவலக அவுட்லுக்கில் படங்கள் தானாக இறங்காது. தேன்குழலும் தெரியாது, விலையும் தெரியாது, வெறும் கட்டம்தான். விலையை எழுத்தாகப் போடுங்கள். படம் இறங்காதபோது அதன் இடத்தில் தெரியும் மாற்று வாசகமாக 'படம் 1' என்று எழுதாமல் 'தேன்குழல், அரை கிலோ பாக்கெட்' என்று எழுதுங்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். படக் கோப்பு வகைகளில் எஸ்விஜி (SVG) ஜிமெயிலில் தெரியாது, வெப்பி (WebP) பழைய அவுட்லுக்கில் தெரியாது. மடலுக்கு ஜேபெக், பிஎன்ஜி போதும். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் ஸ்லைடர் மடலில் ஓடாது. மடலின் ஹெச்டிஎம்எல், அதாவது அதன் எழுத்தும் கட்டளைகளும் சேர்ந்த கோடு, 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மடலைப் பாதியில் நறுக்கிவிடும்.

அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு மடல் அனுப்பி, போனில் ஒரு முறை, படங்களை அணைத்து ஒரு முறை பாருங்கள். அனுப்பிய பிறகு படத்தை மாற்ற வேண்டி வந்தால் கோப்பின் பெயரையும் மாற்றி, மடலைத் திரும்ப அனுப்ப வேண்டியதுதான். ஜிமெயில் படங்களைத் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்வதால், அதே பெயரில் ஏற்றினால் சிலருக்குப் பழைய படமே தெரியும்.