செதுக்கிய சீன மைக்கல்லில் மை இழைப்பது எப்படி?

சீனத் தூரிகை எழுத்து பழகுகிறவர்கள், மைக்கட்டியை (கெட்டியாக உலர்ந்த மை) தண்ணீர் விட்டு இழைக்கும் இந்த மைக்கல்லுக்கு ஒருநாள் ஆசைப்படத்தான் செய்வார்கள். அதிலும் குவாங்டோங் மாகாணத்து சாவோச்சிங்கில் கிடைக்கும் துவான் கல்! ஊதா கலந்த அந்தக் கல்லில் சில இடங்களில் மஞ்சளும் பச்சையுமாக வட்டப் புள்ளி இருக்கும். அதைக் ‘கண்’ என்பார்கள். தேர்ந்த சிற்பி அதை வெட்டித் தள்ளமாட்டார். அதையே நிலவாக வைத்துக்கொண்டு சுற்றிலும் மேகம் செதுக்குவார். கல்லில் இருப்பதைப் பார்த்துத்தான் உருவம் முடிவாகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. வாங்கும்போது மை இழைக்கும் தளத்தை முதலில் பாருங்கள். செதுக்கிய டிராகனின் வால் தளத்துக்குள் நீண்டிருந்தால் அந்தக் கல் வேண்டாம். வேலைப்பாடு விளிம்பில் நிற்பதுதான் அழகு, வசதியும் கூட.

2. மெழுகை எடுக்க வேண்டும். என்னை அதிகம் திணறவைத்தது இந்தக் கட்டம்தான். செதுக்கல் பளிச்சென்று தெரிய, புதுக் கல்லில் மெழுகோ எண்ணெயோ பூசி விற்பதுண்டு. தளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாகத் திரண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. மைக்கட்டி வழுக்கும், மை இறங்காது. 1000 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தட்டையான மரத்துண்டில் சுற்றி, தண்ணீர் விட்டு, தளத்தை மட்டும் லேசாகத் தேயுங்கள். கழுவியதும் சொட்டு பரவினால் நிறுத்திவிடலாம். இதைவிட நைசான தாள் வேண்டாம். தளத்தில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருந்தால்தான் மை அரைபடும். செதுக்கல் பக்கம் தாள் போகவே கூடாது.

3. தளத்தில் சில சொட்டுத் தண்ணீர். மைக்கட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, சந்தனம் இழைப்பதுபோல் அவசரப்படாமல் வட்டமாக இழையுங்கள். கட்டி போன தடம் சற்று நேரம் மூடாமல் நின்றால் மை பதமாகிவிட்டது. அதைத் தளத்தை ஒட்டியுள்ள மைக்குழிக்குள் தள்ளிவிட்டு மறுபடி சொட்டுவிடுங்கள்.

4. முடிந்ததும் கட்டியைக் கல்மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதிலுள்ள பசை காய்ந்து கல்லோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் பீர்க்கங்காய் நாரால் கழுவுங்கள். சீனாவிலும் இது பழைய வழக்கம்தான். செதுக்கலின் இடுக்குக்கு மென்மையான பழைய தூரிகை போதும். வெந்நீர் கூடாது, கல் விரிசல் விடலாம்.

பின்சேர்க்கை: பாட்டில் மையை இதில் ஊற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அது இடுக்குகளில் இறுகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. அதற்கு ஒரு பீங்கான் தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.